சேற்றுக்குள் ஒளிச்சேர்க்கை: 'புதிய பாக்டீரியா' என்று எப்போது சொல்லலாம்?

கடலோரச் சேற்றில் ஒளிச்சேர்க்கை செய்யும் புதிய பாக்டீரியா கண்டுபிடிப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் மூன்று கேள்விகள் எழும். சேற்றுக்குள் வெளிச்சமே போகாதே, அங்கே ஒளிச்சேர்க்கை எப்படி? புதியது என்றால் இப்போதுதான் உருவானதா? மீனுக்கும் மனிதருக்கும் ஆபத்து உண்டா?

கடைசி இரண்டுக்கும் பதில் சின்னது. கடலோரச் சேற்றில் வாழும் ஊதா பாக்டீரியாக்களும் பச்சைக் கந்தக பாக்டீரியாக்களும் நோய்க்கிருமிகள் அல்ல. 'புதியது' என்பதற்கு, அறிவியலின் பட்டியலில் இதுவரை இடம்பெறாதது என்று மட்டும்தான் பொருள். சேற்றில் அது லட்சக்கணக்கான ஆண்டுகளாக இருந்திருக்கும். முறையாகப் பெயரிடப்பட்ட பாக்டீரியா சிற்றினங்கள் 20 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன, ஆனால் ஒரு கைப்பிடிச் சேற்றில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. ஒரு பாக்டீரியாவை அந்தப் பட்டியலில் ஏற்றுவது எவ்வளவு நீண்ட வேலை என்பது தெரியாமல் இந்தச் செய்திகளைப் படித்தால், சாதாரணமானது அதிசயமாகத் தோன்றும், நிஜமாகவே அரியது கவனிக்கப்படாமல் போகும்.

முதல் கேள்விதான் பெரியது. அதிலிருந்து தொடங்குவோம்.

ஒளிச்சேர்க்கை என்றால் ஆக்சிஜன் வர வேண்டுமா?

பள்ளியில் படித்தது இதுதான்: செடி கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, வெயிலின் உதவியால் மாவுச்சத்து செய்கிறது, ஆக்சிஜனை வெளியே விடுகிறது. தவறில்லை, ஆனால் அது கதையின் ஒரு பகுதிதான்.

கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக மாற்ற எலக்ட்ரான்கள் தேவை. செடிகள், பாசிகள், சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சை பாக்டீரியா ஆகிய மூன்றும் அவற்றைத் தண்ணீரை உடைத்து எடுக்கின்றன. உடைத்தபின் மிஞ்சுவது ஆக்சிஜன். ஊதாக் கந்தக பாக்டீரியா தண்ணீரைத் தொடுவதில்லை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடை உடைக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயுதான். இங்கே மிஞ்சுவது ஆக்சிஜன் இல்லை, கந்தகம். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் கந்தகத் துளிகள் பளபளவென்று மணிமணியாக மின்னும். செடி விடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்ற முடிவுக்கு நுண்ணுயிரியலாளர் வான் நீல் 1930களில் வந்தது இந்த ஊதா, பச்சை பாக்டீரியாக்களை ஆராய்ந்துதான். கந்தகத்தை மிச்சம் வைப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றால், ஆக்சிஜனை மிச்சம் வைப்பது தண்ணீராகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இன்னொரு கூட்டம் ஊதா கந்தகமற்ற பாக்டீரியா. இவை அழுகும் இலைதழையிலிருந்து வரும் கரிம அமிலங்களைப் பயன்படுத்திக்கொள்ளும். வெளிச்சம் இருந்தால் ஒரு பிழைப்பு, இருட்டில் ஆக்சிஜன் கிடைத்தால் வேறு பிழைப்பு என்று மாறிக்கொள்ளக்கூடியவை இவற்றில் நிறைய உண்டு.

இந்த இரண்டு கூட்டங்களுக்கும் ஆக்சிஜனை வெளிவிடாத ஒளிச்சேர்க்கைதான் தெரியும். பூமியின் காற்றில் ஆக்சிஜன் கூடத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த வகை ஒளிச்சேர்க்கை அதற்கும் மூத்தது என்று கருதப்படுகிறது.

ராமநாதபுரக் கரையில் ஏன்?

இந்த பாக்டீரியாக்கள் வாழ மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும்: வெளிச்சம், ஆக்சிஜன் இல்லாமை, சல்ஃபைடு. வெளிச்சம் மேலிருந்து வரும், சல்ஃபைடு கீழிருந்து வரும். இரண்டும் சந்திக்கும் கோடு பெரும்பாலும் சில மில்லிமீட்டர் தடிமன்தான்.

ராமேஸ்வரத்து மீனவர்கள் தென்கடல், வடகடல் என்று பிரிப்பார்கள். தென்கடல் மன்னார் வளைகுடா, வடகடல் பாக் விரிகுடா. வடகடல் ஆழம் குறைந்தது, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரையில் சேறு நன்றாகப் படியும். காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. இலை விழுந்து, மூழ்கி, சேற்றில் புதைந்து அழுகும். அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்புறம் வேறு வகை பாக்டீரியாக்கள் கடல்நீரில் கரைந்திருக்கும் சல்ஃபேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கத் தொடங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சல்ஃபேட் சுமார் 2.7 கிராம் உண்டு, பஞ்சமே கிடையாது. அவை கழிவாக விடுவதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. குளத்துச் சேற்றைவிட கடலோரச் சேறு அதிகம் நாறுவதற்குக் காரணம் இந்த சல்ஃபேட்தான்.

தண்ணீர் வற்றிய நேரத்தில் இந்த மாதிரி இடத்தில், அதிகம் மிதிபடாத ஒரு மூலையில், கத்தியால் ஒரு துண்டு சேற்றை வெட்டி எடுத்துப் பாருங்கள். மேலே பச்சையும் பழுப்புமாக மெல்லிய தோல். அதன் கீழே சில இடங்களில் பீட்ரூட் சாறு சிந்திய மாதிரி இளஞ்சிவப்பிலோ ஊதாவிலோ ஒரு கோடு. அதற்கும் கீழே மை போன்ற கறுப்பு, அது இரும்பு சல்ஃபைடு. வெட்டிய துண்டைக் காற்றுப் பட வைத்தால் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறத்துக்கு வெளுக்கும்.

அந்த ஊதாக் கோடு பச்சைத் தோலின் நிழலில் எப்படிப் பிழைக்கிறது? பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சும், ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளம் வரை. அதற்கு அப்பால் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பச்சைத் தோலைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். ஊதா பாக்டீரியாவில் இருக்கும் பாக்டீரியோகுளோரோஃபில் என்ற நிறமி 800 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பிடிக்கும். ஒரு சில வகைகள் 1020 வரைகூடப் போகும். ஆக, நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் இடம் அதற்கு இருட்டே இல்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். 1880களில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர் செய்த முறை இது. உயரமான கண்ணாடிப் புட்டியில் அடிப்பகுதிச் சேற்றோடு கிழித்த செய்தித்தாளும் கொஞ்சம் ஜிப்சமோ வேகவைத்த முட்டை மஞ்சள் கருவோ கலந்து போட்டு, மேலே சாதாரணச் சேறு, அதற்கு மேல் கடல்நீர் நிரப்பி, ஜன்னலோரம் வைத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் புட்டியின் சுவரில் நிறங்கள் அடுக்காக ஏறும்: அடியில் கறுப்பு, அப்புறம் பச்சைக் கந்தக பாக்டீரியா, அதற்கு மேல் ஊதா. கடலோரப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு புட்டி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நிறத்தை நம்பலாமா?

கூடாது. இந்தக் கரையிலேயே நிறம் ஏமாற்றும் இடங்கள் உண்டு. பாம்பன், மண்டபம் பக்கம் கடல் திடீரெனப் பச்சையாகி, 'பூங்கோரை வந்திருக்கிறது' என்று பேச்சு எழும்போது, பெரும்பாலும் காரணம் நாக்டிலூகா. அது பாக்டீரியாவே அல்ல. தன் உடலுக்குள் பச்சைப் பாசிகளைக் குடிவைத்திருக்கும் ஒரு செல் உயிரி. அது பெருகித் தண்ணீரின் ஆக்சிஜன் குறைந்தால் மீன் சாகும், பவளமும் பாதிக்கப்படும். அந்தச் செய்தியையும் இந்தச் செய்தியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று உப்பளம். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்கள் மாதிரியான இடங்களில், உப்பு விளையும் தறுவாயில் பாத்தித் தண்ணீர் சிவக்கும். அதற்குக் காரணம் உப்பை விரும்பும் ஆர்க்கியா என்ற தனி வகை நுண்ணுயிர்களும் டுனாலியெல்லா என்ற பாசியும். அந்த ஆர்க்கியாவில் சில வெளிச்சத்திலிருந்து ஆற்றல் எடுக்கும், ஆனால் அதைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கத் தெரியாது. எனவே அது நாம் பேசும் ஒளிச்சேர்க்கை இல்லை.

சேற்றிலிருந்து சோதனைக் குழாய்க்கு

ஒரு கிராம் சேற்றில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு செல்லின் வாரிசுகளை மட்டும் பிரித்தெடுத்தால்தான் மற்ற எந்த வேலையும் நடக்கும். வேலை கிட்டத்தட்ட இந்த வரிசையில் போகும்:

1. எடுத்த இடத்திலேயே தண்ணீரின் உப்பு, வெப்பம், அமிலத்தன்மை மூன்றையும் அளந்து எழுதிக்கொள்வது. பிறகு ஆய்வகத்தில் அதே நிலையை உருவாக்க வேண்டுமே, அதற்கு.

2. பெருக்குவது. உப்புகளும் கொஞ்சம் சல்ஃபைடும் கலந்த வளர்ப்புக் கரைசலைத் திருகுமூடிப் புட்டியில் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, துளி சேறு போட்டு, வெளிச்சத்தில் வைப்பார்கள். எந்த வெளிச்சம் என்பது முக்கியம். டங்ஸ்டன் இழை உள்ள பழைய குண்டு பல்பில் அகச்சிவப்பு ஏராளம். வெள்ளை எல்இடியிலும் டியூப்லைட்டிலும் அது ஏறக்குறைய இல்லை. பல்பு தேர்வில் தவறினால் ஊதா பாக்டீரியா மந்தமாகி, பச்சைப் பாசி புட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

3. பிரிப்பது. காற்றுப் படக் கூடாது என்பதால் தட்டில் கோடு இழுக்கும் வழக்கமான முறை பல வகைகளுக்கு உதவாது. 40 டிகிரி சூட்டில் இளகிய நிலையில் இருக்கும் அகாரை (ஆறினால் உறையும் கடற்பாசி ஜெல்லி) வரிசையாகக் குழாய்களில் வைத்துக்கொண்டு, முதல் குழாயில் ஒரு துளி கலந்து, அதிலிருந்து கொஞ்சம் இரண்டாவதற்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு என்று எட்டுப் பத்துக் குழாய்வரை நீர்க்கச் செய்து, உறைந்ததும் மேலே பாரஃபின் ஊற்றி மூடிவிடுவார்கள். கடைசிக் குழாய்களில் குண்டூசித் தலை அளவில் தனித்தனியாக ஊதாப் புள்ளிகள் தெரியும். இழுத்து மெலிதாக்கிய கண்ணாடிக் குழலால் ஒரு புள்ளியை மட்டும் உறிஞ்சி எடுத்து, திரும்ப முதலிலிருந்து. இப்படிப் பல சுற்று.

4. தூய்மை பார்ப்பது. ஒட்டுண்ணி மாதிரி கூடவே வரும் நிறமற்ற பாக்டீரியா ஒன்று மிஞ்சினாலும் அடுத்து வரும் டிஎன்ஏ முடிவுகள் எல்லாம் பாழ்.

மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது. செய்தியில் ஒரு வரிகூட வராது. என்னைக் கேட்டால் மொத்தத்தில் கடினமான பாதி இதுதான்.

அடுத்து அதன் நிறமிகளை அளக்க வேண்டும். செல்களை அப்படியே தண்ணீரில் கலக்கினால் ஒளி சிதறும் என்பதால் கெட்டியான சர்க்கரைக் கரைசலில் மிதக்க விட்டு, எந்த அலைநீளத்தில் ஒளி உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பார்கள். 800, 850 நானோமீட்டர் பக்கம் மேடு எழுந்தால் பாக்டீரியோகுளோரோஃபில் ஏ வகை. 740, 750 பக்கம் எழுந்தால் பச்சைக் கந்தக பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். 680 பக்கம் மட்டும் எழுந்தால் கையில் இருப்பது சயனோபாக்டீரியாவோ பாசியோதான்.

1500 எழுத்துகளில் 20

சரி, தூய வளர்ப்பு கையில் இருக்கிறது. இது ஏற்கெனவே தெரிந்ததா, புதியதா?

முதலில் படிப்பது 16எஸ் என்ற ஆர்ஆர்என்ஏ மரபணுவை. எல்லா பாக்டீரியாவிலும் அது உண்டு, நீளம் சுமார் 1500 டிஎன்ஏ எழுத்து. புரதம் செய்யும் இயந்திரத்தின் பகுதி என்பதால் மிக மெதுவாகத்தான் மாறும். அதனால் உறவு பார்க்க வசதி. 1977இல் அமெரிக்க அறிவியலாளர் கார்ல் வோஸ் இந்த வகை ஒப்பீட்டை வைத்துத்தான் ஆர்க்கியாவைத் தனியாகப் பிரித்தார்.

இதில்தான் செய்திகளில் வரும் சதவீதம் குழப்பும். '98 சதவீதம் ஒத்திருக்கிறது, ஆனாலும் புதியது' என்றால் படிப்பவருக்கு நம்பிக்கை வராது. கணக்குப் போட்டால் புரியும். இன்று பரவலாக ஏற்கப்படும் எல்லை 98.7 சதவீதம். 1500இல் 1.3 சதவீதம் என்பது சுமார் 20 எழுத்து. மெதுவாக மாறும் மரபணுவில் 20 எழுத்து வேறுபட மிக நீண்ட காலம் ஆகும். 1994இல் முன்மொழிந்த எல்லை 97 சதவீதமாக இருந்தது, பிறகு இறுக்கினார்கள்.

ஆனால் இது வாசல் சோதனைதான். எல்லைக்குக் கீழே இருந்தால் புதிய சிற்றினமாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே இருந்தால் பழையது என்று முடிவுகட்ட முடியாது. ஆந்த்ராக்ஸ் நோயைத் தரும் பேசில்லஸும் சோற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸும் இந்த மரபணுவில் ஏறக்குறைய அச்சு அசல் ஒன்று. அதனால் இப்போது முழு மரபணுத் தொகுதியையும் படிக்கிறார்கள், லட்சக்கணக்கான எழுத்துகள். இரண்டு தொகுதிகளிலும் பொதுவாக உள்ள பகுதிகளின் சராசரி ஒற்றுமை 95, 96 சதவீதத்துக்குக் கீழே போனால் தனிச் சிற்றினம். முன்பு இரண்டின் டிஎன்ஏ இழைகளைச் சேர்த்து ஒட்டவைத்து, ஒட்டுதல் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தனிச் சிற்றினம் என்று அளந்ததன் இன்றைய வடிவம் இது.

எண்கள் மட்டும் போதாது. செல் வடிவம், உள்சவ்வின் அமைப்பு, கொழுப்பு அமிலங்கள், எந்த உப்பில் எந்த வெப்பத்தில் வளரும், எதைத் தின்னும் என்று பல கோணத்திலும் பக்கத்து உறவுகளோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். பல்முனை வகைப்பாடு என்ற இந்த அணுகுமுறைக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல், ஆண்டு 1970.

பெயர் எப்போது செல்லும்?

பெயரிட சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது. அதில் இரண்டு நிபந்தனைகள் நம் ஊர் வாசகருக்கு முக்கியம்.

1. பெயர் அதற்கென்று உள்ள சர்வதேச ஆய்விதழில் வர வேண்டும், வேறு இதழில் வந்தால் இந்தச் சர்வதேச இதழின் ஏற்புப் பட்டியலில் சேர வேண்டும். நாளிதழில் வந்த பெயர் கணக்கில் வராது.

2. 2001 முதல், அந்த பாக்டீரியாவின் உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள பொது வளர்ப்புச் சேமிப்பகங்களில் ஒப்படைத்திருக்க வேண்டும். கேட்கும் ஆய்வாளருக்கு அது கிடைக்கவும் வேண்டும். சண்டிகரில் ஒன்று, ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இன்னொன்று என்று வைக்கலாம்.

இரண்டாவது நிபந்தனை இந்திய ஆய்வாளருக்கு எளிதல்ல. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி நம் நாட்டு உயிரினங்களை வெளியே அனுப்ப வழிமுறைகள் உண்டு; அதைக் கவனிக்கும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. நம் சேற்றை யாரோ அள்ளிக்கொண்டு போய்க் காசாக்காமல் இருக்க அந்தச் சட்டம் வேண்டும். உயிருள்ள மாதிரி யாரும் சரிபார்க்கும்படி பொதுவில் இருக்க அந்த விதியும் வேண்டும். இரண்டுக்கும் இடையில் காகித வேலை நீளும்.

சேற்றிலிருந்து நேராக டிஎன்ஏ படித்து மட்டும் சொல்லப்படும் 'புதிய பாக்டீரியா' வேறு கணக்கு. வளர்க்க முடியாதவற்றுக்குத் தற்காலிகமாக 'கேண்டிடேட்டஸ்' என்ற அடைமொழி உண்டு. மரபணுத் தொகுதியையே ஆதாரமாக ஏற்றுப் பெயரிடும் தனி விதித்தொகுப்பும் 2022இல் வந்துவிட்டது. செய்தி எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடலோர ஊர்ப் பெயர்கள் பட்டியலில் ஏறியிருக்கின்றன. ஆந்திரக் கரையின் பீமிலியும் விசாகப்பட்டினமும் 2007இல் ஊதா பாக்டீரியாக்களின் பெயரில் இடம்பிடித்தன: மாரிகுரோமேட்டியம் பீம்லிகம், ரோடோவுலம் விசாகப்பட்டினமென்ஸ். நம் மண்டபத்துக்கும் அந்தப் பெருமை உண்டு, ஆனால் ஒளியை வாங்கும் பாக்டீரியாவில் இல்லை, ஒளியை வீசும் பாக்டீரியாவில். ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ் என்று 1970இல் தனிச் சிற்றினமாகப் பெயர் வைத்தார்கள். பிறகு, காரல் மீனின் ஒளி உறுப்பில் குடியிருக்கும் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாதியோடு அதைச் சேர்த்தார்கள். அப்புறம் மரபணுக்களை ஒப்பிட்டு, அதன் துணைச் சிற்றினம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சிற்றினம் என்பது அன்றுவரை கிடைத்த சான்றுகளின் தீர்ப்பு, புதுச் சான்று வந்தால் மாறும்.

இறால் பண்ணைக்கு இதனால் என்ன?

பயன் உடனே வர வேண்டும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை. ஒளிச்சேர்க்கையின் மையப் புரதத்தை அணு அணுவாக முதலில் படம் பிடித்தது ஓர் ஊதா பாக்டீரியாவில்தான்; அதற்கு 1988இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்தக் கரையில் நேரடிக் கேள்வி ஒன்று இருக்கிறது. இறால் குளத்தின் அடியில் தீவன மிச்சமும் கழிவும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், இறாலுக்கு அது நஞ்சு. 'பிஎஸ்பி' என்று சிவப்புத் திரவம் கேன்களில் விற்கிறார்கள், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா என்பதன் சுருக்கம். அதில் இருப்பவை பொதுவாகக் கந்தகமற்ற ஊதா பாக்டீரியாக்கள். அவை வெளிச்சத்தில் சல்ஃபைடை எரித்து அடிச்சேற்றைச் சுத்தம் செய்யும் என்று நினைத்து ஊற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 850 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீரே உறிஞ்சிவிடும், ஒரு மீட்டர் ஆழத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். கலங்கல் தண்ணீரில் அதுவும் மிஞ்சாது. ஆகவே குளத்தின் அடியில் அவை பிழைத்தால், பெரும்பாலும் இருட்டுப் பிழைப்பாகக் கரிமக் கழிவைத் தின்றுதான் பிழைக்கும். அதுவும் உதவிதான், ஆனால் எதிர்பார்த்த உதவி வேறு.

கோடையில் குளத்து உப்பு, கடலின் லிட்டருக்கு 35 கிராம் அளவையும் தாண்டலாம். நன்னீரிலிருந்து எடுத்து வளர்த்த வகை அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். தொண்டிச் சேற்றிலோ காரங்காட்டுச் சேற்றிலோ அந்த உப்புக்குப் பழகிய வகை கிடைத்தால், புதிய சிற்றினத்தை விவரிக்கும் கட்டுரையில் அது எவ்வளவு உப்பில், எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு சல்ஃபைடில் வளர்கிறது என்ற எண்கள் கண்டிப்பாக இருக்கும். வெளிச்சம் இல்லாமல் வளருமா என்பதும் இருக்கும். பண்ணை வைத்திருப்பவர் தலைப்பை விட்டுவிட்டுப் படிக்க வேண்டியது அந்த நான்கு வரிகளைத்தான்.